எட்டு இருபது, எட்டு ஐந்து

கட்டுநாயக்கவிலிருந்து மாலே
எழுநூற்று எழுபது கிலோமீற்றர் சொச்சம்.
ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்.
பம்பலப்பிட்டியில் விமானச்சீட்டு விற்கிற கடையொன்றில்
நாளுக்குப் பத்துத் தரமாவது
தொலைபேசியில் இதைச் சொல்கிறவள் நான்.
இடையில் என்ன இருக்கு என்று கேட்பவர்களும் உண்டு.
தண்ணீர், என்பேன்.
தண்ணீரும் ஒரு சீஸ் பாணும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டுநாயக்க
முப்பதே கிலோமீற்றர்.
இன்று அதற்கு ஒன்றே முக்கால் மணி.
பேலியகொடையில் லொறியொன்று குடைசாய்ந்து கிடந்தது.
அந்த நெரிசலுக்குள்தான் தொடங்கியது:
அவன் தங்கையின் சீட்டுக்காசு,
அடகில் இருக்கும் என் தோடு,
பிறகு, எங்கிருந்தோ,
கல்யாணத்தன்று புரியாணி போதாமல் போனது.
வான்காரர் வானொலியைக் கூட்டிவைத்தார்.
புறப்பாட்டு வாசலில் ஜெரோம்
பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினான்.

ஏழு பத்துக்கு விமானம்.
நான் நூற்றெண்பத்தேழாம் இலக்க பஸ்ஸில்.
சீதுவை தாண்டும்வரை எண்ணிக்கொண்டு வந்தேன்:
இப்போ நீர்கொழும்புக் கடல்,
இப்போ கரை தெரியாது,
இப்போ அந்தப் பாண்.
எட்டு இருபதுக்கு,
வத்தளையில் பஸ் அசையாமல் நின்ற நேரம்
குரல் தகவல் ஒன்று அனுப்பினேன்.
நாற்பத்தொரு செக்கன்.
பக்கத்துச் சிங்களப் பெண்
ஒரு சொல் விளங்காமலே
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

'இனி வராதே' என்பது
அதில் முப்பதாவது செக்கனில் வருகிறது.

பிறகுதான் தொழில் ஞாபகம் வந்தது.
மாலே எங்களைவிட அரை மணி பிந்தியது.
அவன் சக்கரம் தரை தொடும்போது
அங்கே மணி எட்டு ஐந்து.
எட்டு இருபதுக்குச் சொன்னதை
எட்டு ஐந்துக்கு இறங்குகிறவன் எப்படிக் கேட்பான்?
அவன் மணிக்கூட்டின்படி
நான் இன்னும் வாயே திறக்கவில்லை.
கால்மணி நேரம் கையில் இருக்கிறது.

போகும்போது அரை மணி இலாபம், ஐயா,
வரும்போது கழித்துக்கொள்வார்கள்.
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
அந்த அரை மணியை வைத்து
என்ன செய்வதென்று
ஒருவரும் கேட்டதில்லை.

தகவலின் மேல் விரலை அழுத்தினேன்.
எல்லோருக்கும் அழிக்கவா என்றது போன்.
எல்லோருக்கும் என்றால் யார் யார்?
அவன், நான்,
வத்தளை,
பையை இறுக்கிக்கொண்டவள்.
யோசித்து முடிப்பதற்குள்
இரண்டு சரிகளும் நீலமாகின.

நாற்பத்தொரு செக்கன் போனது.
இன்னும் ஒரு நாற்பத்தொன்று.
பஸ் கொஞ்சம் அரக்கி, திரும்ப நின்றது.

படம் ஒன்று வந்தது:
ஓடுபாதையை ஒட்டிக் கடல், இருட்டு,
தூரத்தில் ஒரு படகு விளக்கு.
கீழே,
'எங்கட தீவுக்கு படகு விடியத்தானாம்.
இரவு இங்கதான் இருக்கோணும்.
உனக்கு இப்ப என்ன நேரம்?'

தெரியாதவனா?
ஆறு வருஷமாகப் போய்
ஹோட்டல் ஏசிகளைத் திருத்திவிட்டு வருகிறவன்.
ஒவ்வொரு முறையும் இறங்கியதும்
கைக்கடிகாரத்தைப் பின்னால் திருகுகிறவன்.

பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே
சிவப்பு எழுத்தில் எட்டு நாற்பது.

எட்டுப் பத்து,
என்று எழுதினேன்.