பெயரடைவு

நாவல்கள் போதும் என்று
அக்டோபரிலேயே முடிவாகிவிட்டது.
யாரோ ஒருத்தி கடலைப் பார்த்தபடி நிற்பாள்,
நூற்றிருபது பக்கம் நிற்பாள்.
நமக்குத்தான் ஜன்னல் இருக்கிறதே, என்றார் ஐலிஃப்.
இனி நடந்ததை மட்டும் படிப்போம்.

நடந்ததைத் தேர்ந்தெடுப்பது அத்தனை சுலபமில்லை.
ஆறு பிரதி வேண்டும்,
கிர்க்கெனெஸிலிருந்து கப்பலில் வர வேண்டும்.
முந்நூறு பக்கம் தாண்டக் கூடாது.
எழுத்து பொடியாய் இருந்தால்
ஆஸ்கவுத்தின் வலது கண் ஒத்துழைக்காது,
இடது கண் என்றைக்குமே ஒத்துழைத்ததில்லை.

பிப்ரவரி. வார்தோவில் காற்று
கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஆள்.
நூலகத்தின் பின்னறையில்
வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி, ஆறு நாற்காலி.
நான் நூலகர். எனக்கு வாக்கில்லை,
சாவி உண்டு.

ஐலிஃப் கொண்டுவந்தது பூஞ்சைகளின் வரலாறு.
எங்கள் வீட்டு நிலவறையிலேயே இருக்கிறது அது, என்றாள் தோர்பியோர்க்.
அவள் கொண்டுவந்தது உறக்கத்தைப் பற்றி,
ஒரு மருத்துவர் எழுதியது.
முன்னுரை முடிவதற்குள்
ஆஸ்கவுத் அதை நிரூபித்துக் காட்டினார்.
ராஜநண்டு ஏற்றுமதியைப் பற்றி ஒன்று:
அதை முன்மொழிந்த ஸ்டைனாரே
எதிர்த்து வாக்களிக்கப் போவதாகச் சொன்னார்.

பிறகு யோருன்,
ஊருக்கு வந்து எட்டு மாதமான பல் மருத்துவர்,
பையிலிருந்து மெல்லிசாய் ஒன்றை எடுத்தாள்.
மூழ்கிப்போன ஓர் இழுவைக் கப்பல்,
நாற்பத்தொன்பது வருடம் முந்தி,
விசாரணைக் கோப்புகளை வைத்து எழுதியது.
இதுவாவது நம் ஊர், என்றாள் சந்தோஷமாக.

ஊருக்கே தெரிந்ததை
ஊருக்குப் புதியவர் சொல்லும்போது
ஓர் அறை எப்படி ஆகுமோ அப்படி ஆனது.
வாஃபிள் இரும்பு மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

நாவலில் இல்லாத ஒன்று
இந்த வகைப் புத்தகங்களுக்கு உண்டு:
பின்பக்கத்தில் பெயரடைவு.
மாங்ஹில்ட் கை நீட்டி வாங்கினாள்,
கடைசியிலிருந்து திறந்தாள்.
விரல் அகரவரிசையில் இறங்கி
ஓரிடத்தில் நின்றது.
அவளுடைய குடும்பப்பெயர். ஐந்து பக்க எண்கள்.
அதில் ஒன்றைத் தேடிப் போனாள்,
படித்தாள், மூடினாள்.
ரொம்பப் பெரிசு, என்றாள்.

நூற்றெண்பத்தாறு பக்கம்.
யாரும் அதைச் சொல்லவில்லை.

பூஞ்சை வென்றது.
யோருன் தன் புத்தகத்தை மறந்து போனாளா
விட்டுப் போனாளா தெரியாது.
அறையைப் பூட்டும்போது பார்த்தேன்,
மேசையில் இல்லை.

மார்ச் முழுக்கப் பூஞ்சை.
நல்ல புத்தகம்தான், ரொட்டியைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது.
மாங்ஹில்ட் ஒரே ஒருமுறை வாய் திறந்தாள்:
இந்த ஆள் போய்ப் பார்த்தாரா,
இல்லை, யாரோ எழுதியதைப் பார்த்து எழுதினாரா?
ஐலிஃப் அடிக்குறிப்பைக் காட்டினார்.
அதைத்தான் கேட்கிறேன், என்றாள்.

ஏப்ரலில் மறுபடி தேர்வு.
மாலை எட்டு மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம்,
எல்லோருக்கும் முகம் இருந்தது.
மாங்ஹில்ட் அந்த மெல்லிய புத்தகத்தை மேசையில் வைத்தாள்.
அட்டையின் ஓரம் மடங்கி,
நடுவே ஒரு பேருந்துச் சீட்டு.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
ஒரு பிழை இருக்கிறது, என்றாள்.
என்னவென்று இப்போது சொல்லமாட்டேன்.
மற்றதெல்லாம் சரி.
மற்றதெல்லாம் சரியாக இருப்பதால்தான்...

முடிக்கவில்லை.
யோருன் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆஸ்கவுத் தொண்டையைக் கனைத்தார்:
எழுத்து எவ்வளவு பெரிசு?
படிக்க முடியும், என்றாள்.
முடியாவிட்டால் நான் வாசிக்கிறேன்.

கையைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
நான் கிர்க்கெனெஸுக்கான படிவத்தை எடுத்தேன்.
பிரதிகள்: ஆறு, என்று எழுதி,
அடித்துவிட்டு,
ஏழு என்று எழுதினேன்.