அழைப்பு மணியில் அப்பா

லிஸ்ட் கேட்டிருந்தாய், நாகஜோதி.
குக்கர் கேஸ்கெட் இரண்டு வை.
புளியைக் கொட்டை எடுத்து, காயவைத்துக் கட்டு.
ஸ்வெட்டர் அங்கே வாங்காதே,
தைத்தவனுக்குக் குளிர் தெரியாது.
இதெல்லாம் எனக்கும் சொன்னார்கள்.
இருபத்து மூன்று கிலோ சொன்னார்கள்.

சொல்லாமல் விட்டது,
இங்கே வீட்டுக்கு எண் கிடையாது என்பதை.
கட்டடத்துக்கு உண்டு, கதவுக்கு இல்லை.
ஐந்து மாடி, இருபத்திரண்டு குடித்தனம்,
வாசலில் ஒரு பித்தளைப் பலகை.
அதில் பெயர் இருந்தால் நீ இருக்கிறாய்.
என் பெயர் ஏறாத ஒன்பது நாளும்
வங்கிக் கடிதம், விசா ஆபீஸ் கடிதம்,
இன்ஷூரன்ஸ் அட்டை
எல்லாம் வந்த வழியே போயின,
‘இப்படி ஒருவர் இங்கில்லை’ என்று
மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டு.
நான் மேலே ஜன்னலில் நின்று
தபால்காரியின் சைக்கிளைப்
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு ஒட்டினார்கள்.
ஜெயகஸ்தூரி என்று அல்ல.
பாஸ்போர்ட்டில் கடைசியில் நிற்கும் பெயர் எதுவோ
அதுதான் இந்த ஊரில் ஆள்.
பெர்லினில், வெட்டிங் என்கிற பேட்டையில்
(வெட்டிங்கில் இருக்கிறேன் என்றதும்
யாருக்கு என்று கேட்டாள் அம்மா)
தூத்துக்குடி உப்பு லாரிகளுக்கு லோடு எழுதுகிறவர்,
விருதுநகருக்கு வடக்கே போகாதவர்,
சுடலைமுத்து
குடி வந்துவிட்டார்.

வங்கியில், பல் ஆஸ்பத்திரியில்
‘ஃபிராவ் ஸுடலைமுட்டு’ என்பார்கள்.
திருமதி சுடலைமுத்து.
அது அம்மா அல்லவா,
அவளுக்கு இங்கே என்ன வேலை என்று
ஒரு நொடி உட்கார்ந்தே இருப்பேன்.
அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.
எழுந்துவிடு.
அது நீதான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு.
குப்பை கொட்ட இறங்கினேன்.
காய்த்தோல் பழுப்புத் தொட்டிக்கு, அட்டை நீலத்துக்கு.
இந்த ஊர் மனிதரில் பார்க்கிறதோ இல்லையோ,
குப்பையில் சாதி பார்க்கிறது.
மேலே கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, குமிழ்தான், திரும்பாது.
சாவி உள்ளே. போன் உள்ளே.
அடுப்பை அணைத்தேனா?
காலில் பாத்ரூம் செருப்பு.
தெருக்கதவும் சாத்திவிட்டது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமல்
அப்பாவை அழுத்தினேன்.
மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்திருந்தது,
மணி அடிப்பது தெருவுக்குக் கேட்டது.
இன்னொரு முறை அழுத்தினேன்.
உள்ளேயிருந்து திறக்க வேண்டியவள்
நான்.

பூட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமைக்கு
முந்நூறு யூரோ கேட்பானாம்.
நான் ஒரு மாதம் சாப்பிடுவது நூற்றைம்பது.
பக்கத்துப் பெயரை அழுத்தினேன். ஹால்டுன்.
பஸ் ஓட்டுகிறவர், இரவு ஷிப்டு முடித்துப் படுத்தவர்.
ஆறு வாரமாக ஒரே மாடி,
ஒரு வணக்கம் வைத்ததில்லை நான்.
லுங்கி மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு வந்தார்,
தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கத்தரியால் பிளந்தார்,
கதவிடுக்கில் செருகித் தோளால் ஓர் இடி.
திறந்தது.
பாட்டிலைக் காட்டினார்:
கடையில் கொடுத்திருந்தால்
இருபத்தைந்து சென்ட் வந்திருக்கும்.
சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.
மறுநாள் அவர் வாசலில்
ஒரு காலி பாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.
அதற்குச் சிரித்தார்.

அடுப்பு அணைந்துதான் இருந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் பேசினேன்.
வெளியே நின்றதைச் சொல்லவில்லை,
பலகையைச் சொன்னேன்.
‘ஸ்பெல்லிங் சரியாப் போட்டிருக்கானா?’
ஒரு ஹெச் விட்டுட்டாங்கப்பா.
யோசித்தார்.
‘தபால் வருதுல்ல?’
வருது.
‘அப்ப இருக்கட்டும்.’

புளியை ஒரு கிலோவாகவே கொண்டு வா.
உபரிச் சாவி முதல் நாளே செய்து
பக்கத்தில் கொடுத்துவிடு,
பேச்சு வராவிட்டாலும் கொடு.
பிறகு, அந்தப் பலகையில்
பதினான்கு எழுத்துக்குத்தான் இடம்.
உங்கள் அப்பா பெயரை
இங்கிலீஷில் எழுதி எண்ணிப் பார்.