எட்டாம் வேற்றுமை

வினிபெக்கில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பஸ்ஸால் இறங்கி உள்ளே வந்ததும்
மூக்குக்கண்ணாடி வெள்ளையாய் மூடிக்கொள்ள
சுவரைத் தடவித் தடவிப் போகிறேன்,
அறை இருநூற்றுப் பதினான்கு.
எனக்கு முன் கணக்கியல் எடுத்தவர்
பலகையை அழிக்காமல் போயிருக்கிறார்:
வரவு, செலவு, மீதி.

நிர்வாகத்தின் மின்னஞ்சல் இரண்டே வரி.
எட்டுப் பேருக்குக் குறைந்தால்
இந்தப் பருவம் ரஷ்யன் இல்லை.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
ஏழு பேர் இருக்கிறார்கள்.

ஏழில் ஒருவன் பிரேடன், ஐஸ் ஹாக்கி ஆடுபவன்.
அணியின் கோல் காப்பாளன்
தன்னை என்ன சொல்லித் திட்டுகிறான் என்று
தெரிந்தாக வேண்டும் அவனுக்கு.
லொரெய்னுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை;
பன்னிரண்டாம் கட்டிலில் இருப்பவர்
ஆங்கிலத்தை மறந்து வருகிறாராம்,
கிழமைக்கு ஒரு சொல்லாக.
'தண்ணி வேணுமா' மட்டும் போதும் என்று வந்தவள்
இப்போது வினைமுற்றுகளில்
எல்லோரையும் முந்திக்கொண்டு நிற்கிறாள்.

'ஐ ஆம் கோல்ட்' என்பதைப் பிரேடன்
சொல்லுக்குச் சொல் ரஷ்யனில் அடுக்குகிறான்.
இல்லையப்பா, அப்படிச் சொன்னால்
பிரிட்ஜில் வைத்த சூப் நீ.
ம்னே ஹோலத்ன.
குளிர் உனக்கு வருகிறது, கடிதம் மாதிரி.
இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.
வரோனிஷ் விடுதியில், பத்தொன்பது வயதில்,
எனக்குக் குளிருது என்று நினைத்தேன்,
வாயில் ரஷ்யன் சரியாக வந்துவிட்டது.

வியாழக்கிழமை பின்கதவால் வந்து
கடைசி வரிசையில் உட்கார்ந்தான் ஒருவன்.
ஒஸ்தாப் ஹ்ரின்கோ. பட்டியலில் எட்டு.
விடிய முன்னம் லொறிகளுக்குப் பெட்டி ஏற்றுகிறான்.
படித்த சான்றிதழ்கள் கெர்சோனில், வெள்ளத்தோடு போயின.
பட்டத்துக்கு ஒரு மொழிப்பாடம் வேண்டும்;
படிக்காமலே தெரிந்தது இது.
கேட்டதை எழுதித் தருகிறான், ஒரு பிழை இல்லை.
வாய் மட்டும் திறப்பதில்லை.

பேச்சுக்கு இருபது புள்ளி என்று
பாடத்திட்டத்தில் எழுதியவர் நானேதான்.

வவுனியாச் சோதனைச் சாவடியில்
நான் முதன்முதல் பேசிய சிங்களம் ஒற்றை வார்த்தை,
அடையாள அட்டையை நீட்டியபடி.
உச்சரிப்பு நன்றாகவே இருந்தது.
அந்த மொழியில் அருமையான பகிடிகள் உண்டு என்பது
ஸ்கார்பரோவில், பாக்கிங் வேலையில்,
பக்கத்தில் நின்றவன் சொல்லித்தான் தெரியும்.
அதற்கு இருபது வருடம் பிடித்தது.
இதை ஒஸ்தாப்பிடம் சொல்லவில்லை.
சொல்வதென்றால் ரஷ்யனில் சொல்ல வேண்டும்,
அல்லது ஆங்கிலத்தில்.
இரண்டும் சரிவராது.

இன்று வேற்றுமைப் பாடம்.
ரஷ்யனுக்கு ஆறு.
என் மொழிக்கும் நிர்வாகத்துக்கும் எட்டு.
எட்டாவது விளி,
ஒருவரைக் கூப்பிடுவதற்கென்றே சொல் எடுக்கும் வடிவம்.
ரஷ்யன் அதைத் தொலைத்துவிட்டது.
கடவுளைக் கூப்பிடும்போது மட்டும் ஒரு மிச்சம்,
மற்றபடி பட்டியலில் உள்ளபடியே பெயர்.
உக்ரைனியன் தொலைக்கவில்லை.
நேற்றிரவு இரண்டு மணிக்கு
இலக்கணப் புத்தகத்தில் சரிபார்த்தேன்.

வரவு எடுக்கிறேன்.
பிரேடன், லொரெய்ன், இன்னும் ஐந்து பேர்.
பிறகு, வாய் உலர்ந்து,
'ஒஸ்தாபே.'

பேனா நிற்கிறது.
நெடுநேரம் என்னைப் பார்த்தான், கோபமோ என்னவோ.
'துத்' என்றான்.
இங்கே, என்று அர்த்தம். இரண்டு மொழியிலும் அதே சொல்.
எதில் சொன்னான் என்று தெரியவில்லை.

பிரேடன் கை உயர்த்துகிறான்:
கடைசியில் அந்த 'ஏ' எங்கிருந்து வந்தது,
பரீட்சைக்கு வருமா?

வராது, என்கிறேன்.
லொரெய்ன் எழுதிக்கொள்கிறாள்.