விறகுக் கணக்கு

ஹேகர்ஸ்வீக் கோட்டையில் ராஜா
ஒரே ஓர் இரவு தூங்கினார்.

வாசல் பலகையில் இது இல்லை.
கட்டிய ஆண்டு, எரிந்த ஆண்டு, மறுபடி கட்டிய ஆண்டு,
கோபுரங்கள் நான்கு.
(மூன்றுதான். ஒன்று ஏரிக்குள் சரிந்துவிட்டது.)

நான் இங்கே வெப்பமானி பார்ப்பவன்.
வடக்குச் சுவரின் புகைபோக்கி எங்கே திரும்புகிறது
என்று தேடத்தான் பழைய கணக்கேட்டைக் கேட்டேன்.
ஆவண அறையின் சிக்னே
கைக்குழந்தையைத் தருவதுபோல் தந்தாள்.

மணியக்காரர் போத்வித்தின் கையெழுத்து.
மை உறைந்த நாட்களில்
கரித்துண்டால் எழுதியிருக்கிறார்.

முதல் பக்கங்கள் எல்லாம் செங்கல்.
அக்கரை மடத்தை இடித்து
உறைந்த ஏரியின் மேல்
சறுக்கு வண்டிகளில் இழுத்து வந்த செங்கல்.
ஏரி ஒரு வண்டியை வாங்கிக்கொண்டது.
குதிரைக்கு விலை போட்டிருக்கிறார்.
ஓட்டியவன், வெறும் 'ஓட்டியவன்'.

மடத்து மணியை உருக்கிப் பீரங்கி வார்த்தார்கள்.
அது ஒருமுறைகூடச் சுடவில்லை.
ஓரத்தில் சின்ன எழுத்தில் போத்வித்:
மணியாக இருந்தபோதாவது வாய் திறந்தது.

பிறகு விறகு.
பக்கம் பக்கமாக விறகு.
ராஜா எந்த நாளும் வரலாம் என்று
தலைநகரிலிருந்து கடிதம்.
ஆகவே அவர் அறையில் கணப்பு அணையக் கூடாது.
மெரெத்தா என்ற பெண்ணை அதற்கு வைத்தார்கள்.
அக்டோபர் தொடங்கி ஏப்ரல் முடிய
ஆளில்லாத கட்டிலுக்கு
அவள் குளிர் விரட்டினாள்.
கூலி: வருடத்துக்கு ஒரு ஜோடி காலணி,
பாதி நாள் ஹெர்ரிங் மீன்.

பதினோராம் குளிர்காலம்.
ரை பயிர் கதிரிலேயே கருகிப்போன வருடம்.
பைன் மரப்பட்டையை அரைத்து
ரொட்டியில் கலந்தார்கள் ஊரில்.
அந்த வருடம் விறகு மூன்று மடங்கு.
காரணம் என்ற இடத்தில்
போத்வித்தின் எழுத்து கொஞ்சம் நடுங்குகிறது:

*ராஜாவின் அறையில் எலித்தொல்லை.
எலிகளுக்குப் பார்லிக் கஞ்சி, ஒரு பானை.*

மறுநாளும் ஒரு பானை.
அதற்கு மறுநாளும்.

ஜனவரியில்: *எலிகள் பதினேழு.*
பிப்ரவரியில்: *பதினேழு. ஒன்றுக்கு இருமல்.*
மார்ச்சில்: *பதினாறு.*
அதன் கீழே, வேறு எந்தக் குறிப்பும் இல்லாமல்,
*பலகை, நான்கு முழம். ஆணி.*

சிக்னே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
மழை பெய்யவில்லை அறைக்குள்.

முப்பத்தோராம் குளிர்காலத்தில்
ராஜா வந்தேவிட்டார்.
இருநூறு மெழுகுவத்தி, எருது இரண்டு,
குதிரைகளுக்கு வைக்கோல்.
இரவில் ஒருமுறை மணியடித்து
அறை புழுங்குகிறது, ஜன்னலைத் திற என்றார்.
திறந்தவள் மெரெத்தா.
விடியுமுன் கிளம்பிப் போனார்.
அதன்பின் ஏட்டில் அவள் பெயர் இல்லை.

பின்னாளில் இது சிறை,
பிறகு தானியக் கிடங்கு,
பிறகு ஒரு படைப்பிரிவின் உருளைக்கிழங்கு.
இப்போது நுழைவுச்சீட்டு.
திரைச்சீலைகள் சுருங்காமல் இருக்க
பதினெட்டு டிகிரியில் வைத்திருக்கிறேன்.
'இங்கேதான் ராஜா உறங்கினார்' என்று
வழிகாட்டி சொல்லும்போதெல்லாம்
எல்லோரும் தலையணையைப் பார்க்கிறார்கள்.

மூடும் நேரம் கழித்து
நாடாவால் அந்தக் கட்டிலை அளந்தேன்.
குறுக்கே படுத்தால் எட்டுப் பேர்.
மீதி ஒன்பது கணப்போரம்.

மார்ச்சில், எட்டு.