ஒன்பது முழக் கட்டில்

சஜாவில் எங்கள் கேம்பில்
கரண்ட் போன ஆறாம் நாள்
என் கட்டிலை டேப் வைத்து அளந்தேன்.
நீளம் ஆறடி இரண்டங்குலம்.
அகலம் இரண்டரை அடி.
ஒன்றரை இஞ்ச் ஆங்கிள், வெல்டிங் படுமோசம்.
நான் வெல்டர். சொல்ல உரிமை உண்டு.

ஓகின் கட்டில் ஒன்பது முழம்.
பாசானின் ராஜா, இராட்சதரில் மிஞ்சிய கடைசி ஆள்.
பதின்மூன்றரை அடி நீளம், ஆறடி அகலம்,
அதுவும் இரும்பு.
எந்த உலையில் அடித்தார்கள்,
மூலைக்கு இணைப்பு எப்படிப் போட்டார்கள் என்று
பிரசங்கத்தின் நடுவே யோசித்திருக்கிறேன்.
போதகர் அதற்குள் ஜெபத்துக்குப் போயிருப்பார்.

ராஜா செத்தான். அறுபது பட்டணம் விழுந்தது.
கட்டில் மட்டும் நின்றது, ரப்பாவில்.
சந்தேகம் என்றால் போய்ப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி
ஒரே ஒரு வரி, அளவோடு.

போர்மேன் நிதால் அம்மான்காரர்.
அந்த ரப்பாதான் இன்றைய அம்மான்.
"உங்க ஊர்ல பெரிய இரும்புக் கட்டில் உண்டா?"
தெரிந்த அரபியில் கேட்டேன்.
"மாமனார் வீட்டில் ஒன்று இருக்கு.
அவருக்கே பத்தாது" என்றார்.
அவருக்கும் ஏழு மாதச் சம்பளம் பாக்கி.

ஏழு மாதம்.
முதலாளியின் போன் அணைந்து கிடக்கிறது.
தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்.
ஆகஸ்ட் மாதம்.
கோர்ட்டில் தேதி தருகிறார்கள்;
தேதி மட்டும் தருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஆராதனையில்
அந்த நீண்ட சங்கீதத்தை மாறி மாறி வாசித்தோம்.
சீகோன் விழுந்தான். ஓக் விழுந்தான்.
ஒவ்வொருவனுக்கும் பின்னால் சபை அதே பதிலைச் சொல்ல
எனக்கு எரிச்சலாக வந்தது.
செத்த ராஜாக்களை எத்தனை தடவை எண்ணுவது?
எமோரியன் செத்ததில்
மெர்சலின் வைத்த வளையல் திரும்புமா?
பதில் சொல்லும் இடத்தில் வாயை மட்டும் அசைத்தேன்.

அன்று இரவு.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து மேல்கட்டிலின் அடியில்
யாரோ ஒட்டிய அட்டை
புழுக்கத்தில் உரிந்து என் மூக்கின்மேல் விழுந்தது.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
பலகையில், நாங்கள் இரும்பில் கோடு போடும் அதே சாக்கில்,
தமிழில்:

பதினொரு மாசச் சம்பளம். கேஸ் ஜெயிச்சாச்சு.
முழுசும் வந்துட்டு. நாளைக்கு பிளைட்.
த. ஞானசிகாமணி, மணப்பாடு.

பதினான்கு வருடத்துக்கு முந்திய தேதி.
முகம் தெரியாத ஆள்.
அவருக்குக் கிடைத்தால் எனக்கும் கிடைக்கும் என்று
எந்தச் சட்டமும் இல்லை.
ஆனாலும் எழுந்து உட்கார்ந்தேன். தலை இடித்தது.

யோர்தான் இன்னும் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது
அந்தக் கட்டிலைப் பற்றிப் பேசியபோது.
எரிகோவின் மதிலில் ஒரு கல்லும் அசையவில்லை.
கடக்கப்போகிறவர்களுக்கு ஆறுதல் போதாது;
முழக்கணக்கு வேண்டியிருந்தது.
இவ்வளவு பெரியவன் படுத்த இடம்.
இப்போது காலி.
கை வைத்துப் பார்.

பேசிய மோசே கடக்கவில்லை.
அதையும் மறைக்காமல்தான் எழுதியிருக்கிறது.

ஞானசிகாமணிக்குக் கீழே வேறொரு கையெழுத்து.
கு. முத்தரசு. ஒரு தேதி. அவ்வளவுதான்.
ஜெயித்தாரா என்று இல்லை.
அவருக்காக ஜெபித்தேன்,
எத்தனை வருடம் பிந்திவிட்டேனோ தெரியாமல்.

அடுத்த வெள்ளி ஓகின் பெயர் வந்தபோது
என் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது;
முன்வரிசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது.
மெர்சலின் போனில் கேட்டாள், "என்னாச்சு?"
"தேதி மாத்திட்டாங்க. பதினேழு."
"பொறவு?"
"பொறவு ஒண்ணும் இல்ல."

தலையணை உறைக்குள்
ஒரு துண்டு சாக் வைத்திருக்கிறேன்.
முத்தரசுக்குக் கீழே இடம் இருக்கிறது.
அளந்துவிட்டேன், நாலங்குலம்.
பொடியாக எழுதினால்
மூன்று வரி வரும்.