வலக்குழலில் மலிவு

கச்சேரித் துண்டுக்கு வருசம் பத்துத் தோட்டா.
பதினோராவது வேணுமென்றால்
பண்டிதான் மனுப் போட வேணும்.

மாங்குளம் சந்தியில் ஹமீது நானா
அலுமாரியைத் திறந்து
சீமைத் தோட்டாவை மேசையில் நிறுத்துவார்.
சிவப்புச் சட்டை, பித்தளைச் சப்பாத்து.
உள்ளே ஒன்பது குண்டு,
எண்ணித்தான் அடைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்.
ஆறு ரூபா அம்பது சதம்.
இருபது பாகத்தில் நின்ற பண்டி
நின்ற இடத்திலேயே படுக்கும்.

தண்ணீரூற்றில் செபமாலை,
வெறுங்கோதைத் திருப்பிக் கொடுத்தால்
ஒன்றே முக்கால் ரூபா.
சைக்கிள் குண்டு, ஈயத் துண்டு,
கோயில் மெழுகுதிரி உருக்கி ஒட்டிய வாய்.
எத்தனை குண்டு என்று கேட்டேன்.
"அது அண்டைக்கு இருக்கிறதைப் பொறுத்தது, தங்கச்சி."
பத்தில் இரண்டு வெடிக்காது.
மூன்று வெடிக்கும், பண்டிக்குத் தெரியவராது.
மிச்சம் ஐந்தும் சீமைக்குச் சமம்,
பண்டி பத்துப் பாகத்துக்குள் வந்து
பக்கவாட்டில் நின்று தந்தால்.

கொப்பியின் பின்மட்டையில் கணக்குப் போட்டேன்.
ஒரு சீமைக்கு நாலு செபமாலை, கொஞ்சம் குறைய.
ஒரு கூட்டம் ஒரு இரவில் உழுதுவிட்டுப் போகிற கச்சான்
ஏழெட்டுச் சீமை.
காயம்பட்டு ஈச்சம்பற்றைக்குள் ஓடினதைத் தேடி
விடியுமட்டும் இலையில் இரத்தம் பார்த்து நடந்தது,
கடைசியில் அது திரும்பி நின்றது,
கந்தவனத்தின் தொடையில் பதினொரு தையல்,
இதுகளை எந்த வரியில் எழுதுவது?

அவர் கண்ட வழி இரண்டும்.
வலக்குழலில் செபமாலை, முன்விசை.
இடக்குழலில் சீமை, பின்விசை.
மலிவு முதலில் கதைக்கட்டும்,
சொல்வழி கேட்காவிட்டால் மற்றது.
முதல் வெடி கேட்ட எந்தப் பண்டி
இரண்டாவதுக்குக் காத்து நிற்கும், கேட்டேன்.
ரோச்சின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மாசி மாதம் அவருக்குக் காய்ச்சல்.
முத்தையன்கட்டு இடதுகரையில்
பரண்மேல் நானும் துவக்கும் ஒரு போத்தல் தேத்தண்ணியும்.
துண்டு அவர் பெயரில். விரல் என்னுடையது.
அதைப் பின்விசையில் வைத்திருந்தேன்.
நல்லதுதான் முதலில்,
நல்லது மட்டும்தான்.

மூன்று மணிக்கு வேலி முறிந்தது.
பண்டி வேலியை முறிக்காது, நுழையும்.
ரோச் அடித்தேன்.
வெளிச்சம் ஒரு காலில் தொடங்கி
மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது.

யானைக்கு இரண்டு தோட்டாவும் ஒரே விலை.
இனி வேண்டியது சத்தம் மட்டும்,
சத்தத்தில் செபமாலையை வெல்ல ஆளில்லை,
அவன் மருந்தில் பாதி திருவிழா வெடி.
விரலை முன்விசைக்கு மாற்றினேன்.

டிக்.

பனி இறங்கியிருந்தது மெழுகுக்குள்.
யானை ஒருமுறை காதை விரித்தது.
நான் கணக்கில் பிழைத்தது
அதற்கும் கேட்டிருக்க வேணும்.

குழலை நிமிர்த்திப் பின்விசையை இழுத்தேன்.
வெள்ளிகளுக்கு நடுவில் போனது
வெள்ளைக்காரன் எண்ணி அடைத்த ஒன்பதும்.
தோள்மூட்டு இன்னும் நோகிறது.
அது போனது, அவசரமில்லாமல்,
வழியில் ஒரு மரவள்ளியைப் பிடுங்கிக்கொண்டு.

விடிய இறங்கிக் கோதைத் தேடினேன்.
வாய்க்கால் தண்ணீர் ஊறிய யானைத்தடத்தில்
மிதந்துகொண்டிருந்தது.
கொப்பியில் எழுதினேன்:
வானம், ஆறு அம்பது.
கோது நனைந்துபோச்சு. செபமாலை எடுப்பானோ தெரியாது.

வெடிக்காததை எடுத்து
மிளகாயோடு பாயில் காயப் போட்டிருக்கிறேன்.
அதே சிவப்பு. கிட்டத்தட்ட அதே நீளம்.
நிறுக்கக் கொண்டுபோகுமுன் எடுத்துவிட வேணும்.
மறந்துபோனால்
ஹமீது நானா அதையும்
மிளகாய் விலைக்கு வாங்குவார்.