செயல்பாடு எண் ஆறு

ஒன்பது கட்டம் போட்ட படிவத்தை
ராமநாதபுரம் அலுவலகத்தில் தந்தார்கள்.
நோக்கம். தேவைப்படும் பொருட்கள். கால அளவு.
எதிர்பார்க்கும் விளைவு.
வளரிளம் பருவத்தினர் பதினைந்து பேர்,
வாரம் ஒரு செயல்பாடு,
ஒவ்வொன்றுக்கும் மூன்று புகைப்படம்.
காற்றைப் பற்றி எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

சின்னப்பாலத்தில் முதல் ஆளாய் வந்தது காற்றுதான்.
விருதுநகரில் ராத்திரியெல்லாம் விழித்து எழுதிய சார்ட்டை
புயல் காப்பகச் சுவரிலிருந்து உரித்துக் கொண்டுபோய்
ஒரு வள்ளத்தின் அணியத்தில் ஒட்டியது.
'தலைமைப் பண்புகள் ஏழு' என்று அந்த வள்ளம்
மறுநாள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

எண் இரண்டு, நம்பிக்கை நடை.
ஒருவர் கண்ணைக் கட்டி
இன்னொருவர் கைபிடித்து நடத்த வேண்டும்.
டெல்பின்ராஜ் கையை உதறிவிட்டு
நேரே நடந்தான்,
காயப்போட்ட வலையைத் தாண்டி, நங்கூரத்தைத் தாண்டி,
முழங்கால் நனையும்வரை.
"கச்சான் வலது கன்னத்துல அடிக்குது மிஸ்,
கடல் வேற எங்கிட்டு இருக்கும்?"
எதிர்பார்க்கும் விளைவு: பிறரைச் சார்ந்திருக்கக் கற்றல்.
அந்தக் கட்டத்தில் சின்னதாய் ஒரு கோடு போட்டேன்.

எண் நான்கு, ஐந்தாண்டு கழித்து நான்.
நாற்பது நிமிடம். ஸ்கெட்ச் பேனா பன்னிரண்டு நிறம்.
"நீங்களும் எழுதணும்ல?" என்றாள் நம்புச்செல்வி.
எழுதினேன். அடித்தேன்.
உதவித்தொகை மூன்று மாதமாய் வரவில்லை,
என் ஐந்தாண்டு
வருகிற நவம்பர் பத்தோடு முடிகிறது.
அவள் தாளில் ஒரு பச்சைக் கோடு மட்டும்.
பாசியா, பாலமா, பஸ் ரூட்டா,
கேட்கவில்லை.

ஐந்துக்கு நாலே பேர்.
பையன்களுக்கு டோக்கன் விழுந்த நாள்.
பெண்பிள்ளைகள் வத்தம் பார்த்துப் பாசிக்கு இறங்கிவிட்டார்கள்.
வருகை குறைவு, காரணம் கூறவும் என்றது அலுவலகம்.
கடல் என்று எழுதி அனுப்பினேன்.
விவரமாக, என்று திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான்
படிவத்தை நடுவில் வைத்து
நீங்களே சொல்லுங்கள் என்றேன்.
கேரம் போர்டு. பிரியாணி. மதுரைக்கு டூர்.
விரலெல்லாம் துணி சுற்றியிருந்த முனவ்வரா
கடைசியாய்ச் சொன்னாள்:
"ஒரு மணி நேரம்
யாரும் எங்களைக் கூப்பிடக் கூடாது."
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
அவ்வளவுதானா?
"அவ்வளவுதான். ஆனா முழுசா ஒரு மணி நேரம்."

செயல்பாடு எண் ஆறு.
தேவைப்படும் பொருட்கள்: மஞ்சள் பை ஒன்று, பூட்டு ஒன்று.

காப்பகத்து மாடி. கீழே கிரில் கதவைப் பூட்டினேன்.
இருந்த ஆறு போனையும் வாங்கிப் பையில் போட்டு
என்னுடையதையும் போட்டேன்.
டெல்பின்ராஜ் வாயைத் திறந்து தூங்கினான்.
நம்புச்செல்வி சுவரில் பெயின்ட்டை உரித்தாள்,
நிதானமாக, சம்பளத்துக்குச் செய்வதுபோல.
ஷரோனின் தம்பி வந்து கிரில்லை உலுக்கிப் பார்த்து,
கல்லெறிந்து பார்த்து, போய்விட்டான்.
முனவ்வராவுக்கு
சும்மா இருக்க முதல் இருபது நிமிடம் தெரியவில்லை.
மடியில் கை எதையோ பிரித்துப் பிரித்துப் போட்டது.
அப்புறம் நின்றது.

பை துடித்தது,
அப்போதுதான் கொட்டிய சாளை மாதிரி.
அம்மா. ஐஸ் கம்பெனி. அம்மா. லோன் அக்கா.
முனவ்வராவின் அம்மா ஏழு தடவை.
ஏழாவதை எடுத்திருக்க வேண்டுமோ,
இன்றைக்கும் தெரியவில்லை.

புகைப்படத்தைப் பார்த்து ஒருங்கிணைப்பாளர் கேட்டார்,
இதில் ஒன்றுமே நடக்கவில்லையே?
ஆமாம் சார் என்றேன்.
அதற்குத்தான் ஆறு வாரம் ஆனது
என்பதைச் சொல்லவில்லை.

படத்தில் இல்லாதது ஒன்று உண்டு.
ஐம்பத்தெட்டாவது நிமிடம்
பைக்குள் என் போன் அடித்தது. 'வீடு'.
கை தானாக உள்ளே போனது.
"இன்னும் ரெண்டு நிமிஷம் கெடக்கு மிஸ்"
என்றான் டெல்பின்ராஜ்,
கண்ணைத் திறக்காமல்.